சபைக்கு முதுகு காட்டாத பெட்டிகள்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் அமர்ந்த இடங்களும் பின்வருமாறு.

நீள மேசையின் தலைமாட்டில், கைப்பிடியும் மெத்தையும் உள்ள நாற்காலியில், கலையரங்கக் குழுவின் தலைவர். அவருக்கு வலப்புறம், கைப்பிடி உண்டு, மெத்தை இல்லை என்ற வகை நாற்காலியில், செயலாளர். இடப்புறம், மெத்தை உண்டு, கைப்பிடி இல்லை என்ற வகையில், குழுவின் மருத்துவ ஆலோசகரான பல் மருத்துவர். அவரை அடுத்து, இரண்டும் இல்லாத வெறும் பலகை நாற்காலியில், குழுவின் ஒலி நிபுணர். இவர் கடைவீதியில் தண்ணீர் மோட்டார் விற்பவர். சத்தம் போடுகிற பொருள்களோடு நெடுங்காலம் பழகியவர் என்ற தகுதியில் நிபுணராக்கப்பட்டவர். இல்லாத நேரத்தில் எல்லோரும் அவரைப் 'பம்பு' என்பார்கள். கதவோரம், சுவரில் சாய்ந்தபடி, அரங்கத்தின் ஒலிக்காரர். மனுதாரராகிய நான் எங்கே உட்கார்ந்தேன் என்பது நடவடிக்கைக் குறிப்பில் இல்லை. என்னை உட்காரச் சொல்லவில்லை.

மனுவின் பொருள்: மேடையில் பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கு, தான் வாசிப்பது கேட்பதில்லை என்பது குறித்து.

செயலாளர் எழுந்து நின்று மனுவை வாசித்தார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வாசித்து முடித்த பிறகும் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பல் மருத்துவர் மேசையை மெதுவாகத் தட்டியதும் கண் திறந்தார்.

"வாசிக்கிறது யாரு?"

"நான்தாங்க ஐயா."

"நீங்கதான் வாசிக்கிறீங்க. அப்ப என்ன வாசிக்கிறீங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"விரல் எங்க இருக்குன்னு தெரியும் ஐயா. சத்தம் எங்க போகுதுன்னுதான் தெரியலை."

"எங்கிட்டதான்யா வருது!" என்றார் தலைவர். "முதல் வரிசையில உட்கார்ந்தா நெஞ்சுக்குள்ள வந்து இடிக்குது. இதுக்கு மேல உங்களுக்கு என்ன கேட்கணும்?"

"அவருக்குக் கேட்கணுமாம் ஐயா" என்று செயலாளர் விளக்கினார்.

"அவர் ஏன் கேட்கணும்? டிக்கெட் வாங்கினவனா அவர்?"

பம்பு இதை ரசித்துத் தொடையில் தட்டிக்கொண்டார். "நான் ஒரு மோட்டார் விக்கிறேன். கிணத்துக்குள்ள இறங்கி அது ஓடுது. அந்த மோட்டாருக்குத் தன் சத்தம் கேட்குதா? அது பாட்டுக்குத் தண்ணி எடுக்கலை?"

நிபுணர் கருத்து பதிவு செய்யப்பட்டது.

இந்த இடத்தில் சங்கதியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்களுடையது ஒரு சிறு இசைக்குழு. அதை நடத்துபவர் என் அக்காவின் கணவர், அதாவது அத்தான்; பாட்டும் அவரே. டிரம்ஸ் வாசிப்பவருக்கு 'இடி' என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை. கீபோர்டுக்காரர் ஒருவர். நான் பேஸ் கிட்டார். பகலில் நான் டயர் நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். வெடித்த டயர்களைப் பற்றி வரும் கடிதங்களுக்கு, டயர் வெடிக்கவில்லை என்று மரியாதையாகப் பதில் எழுதுவது என் வேலை. ஆகவே அலுவல் கடிதம் எனக்குக் கைவந்தது.

பேஸ் என்பது தடித்த சத்தம். கிளம்பின இடத்தில் அது ஆளாக நிற்காது. பத்துப் பதினைந்து வரிசை தள்ளிப் போய்த்தான் எழுந்து நிற்கும். என் கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டி தரையில் இருக்கும். சத்தம் என் முழங்காலைத் தொட்டுவிட்டு நேரே சபைக்குப் போய்விடும். என் முழங்காலுக்குக் காது இருந்திருந்தால் எனக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. இதற்காகத்தான் மேடை விளிம்பில், வாசிப்பவனைப் பார்த்தபடி மானிட்டர் பெட்டிகள் வைப்பது. உலகத்தில் எல்லா மேடையிலும் அப்படித்தான்.

எங்கள் அரங்கத்தில் அப்படி இல்லை. அரங்கம் திறந்த அன்று, மானிட்டர் பெட்டிகளின் கறுப்புப் பின்புறம் முதல் வரிசையைப் பார்த்தபடி இருந்ததைத் தலைவர் கண்டார். மறுநாளே தீர்மானம்: 'மேடையிலுள்ள எந்தப் பெட்டியும் சபைக்கு முதுகு காட்டுதல் கூடாது.' அன்றிலிருந்து வாசிப்பவனுக்கான பெட்டிகள் வாசிப்பவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சபையோடு பேசுகின்றன.

போன கச்சேரியில் கிட்டாரின் கழுத்தில் என் விரல் ஒரு கட்டம் தள்ளி விழுந்துவிட்டது. இடது காதில் இடி; வலது காதில் ஒன்றுமில்லை. ஒரு கட்டம் தள்ளியே முழுப்பாட்டையும் வாசித்து, நன்றாக வந்தது என்ற நினைப்பில் தலையை வேறு ஆட்டினேன். அத்தான் வண்டியில் ஏறும்போது சொன்னார்.

"மச்சான், அக்கா முகத்துக்காக ஒரு தடவை பார்க்கிறேன். ஆண்டு விழாவுலயும் இப்படி ஆச்சுன்னா, பேஸை கீபோர்டுலயே வச்சுக்கலாம்னு இருக்கேன்."

"கீபோர்டுலயா? யாரு வாசிப்பா?"

முன் இருக்கையிலிருந்து கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "எனக்கு இடது கை சும்மாதான் இருக்குதுங்க" என்றார்.

பதினெட்டு வயதிலிருந்து நான் செய்யும் வேலைக்கு ஒருத்தருடைய சும்மா இருக்கிற கை போதும் என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து எழுதியதுதான் மேலே சொன்ன மனு.

மனுவின்மேல் குழு எடுத்த முடிவு, நேரில் ஆய்வு செய்வது. ஆய்வு நடந்தது. நான் மேடையில் ஏறி வாசித்தேன். குழு முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டது.

"பிரமாதமா கேட்குதே!" என்றார் தலைவர்.

"ஐயா, ஒரு நிமிஷம் மேடைக்கு வந்து நின்னு பார்த்தீங்கன்னா..."

"ஏறக் கூடாதுங்க" என்று செயலாளர் கையை நீட்டித் தடுத்தார். "ஆய்வுக் குழு இருக்கையை விட்டு எழுந்தா ஆய்வு முடிஞ்சதா அர்த்தம்."

தலைவர் எழுந்தார். ஆய்வு முடிந்தது. ஆய்வறிக்கை: 'ஒலி நன்கு கேட்கிறது. கேட்கவில்லை என்பவரின் காது பரிசோதிக்கப்படலாம்.' பரிசோதனைப் பொறுப்பு மருத்துவ ஆலோசகருக்கு.

பல் மருத்துவர் என்னைத் தம் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, வாயைத் திறக்கச் சொன்னார்.

"டாக்டர், காதுங்க."

"தெரியும். காதுக்கும் கடைவாய்க்கும் நடுவுல ஒரு சுவர்தான். பக்கத்து வீட்டு வழியா போறேன்." சிறு கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பிப் பார்த்தார். "கேட்குதா?"

"ஆ."

"நல்லாவே கேட்குது. ஆனா இந்தப் பல்லு ஒண்ணு சரியில்லை. எடுத்துடலாம்."

எடுத்துவிட்டார். 'செவிப் புலனில் குறை இல்லை. இருந்த குறையும் நீக்கப்பட்டது' என்று சான்று வந்தது. புகார் முடித்துவைக்கப்பட்டது.

அரசன் அன்று கொல்வான், குழு கூடிக் கொல்லும். பரவாயில்லை, நானே ஒரு வழி தேடலாம் என்று இறங்கினேன். டிரம்ஸ்காரர் காலைப் பார்த்தே வாசித்தேன். கால் எப்போது விழுகிறது என்று தெரிந்தது, என் ஸ்வரம் எங்கே விழுகிறது என்று தெரியவில்லை. மேடைச் சுவரில் கிட்டாரின் தலையை ஒட்டி வைத்து, சுவரில் காதை வைத்தேன். சபைக்கு முதுகு காட்டியதாக எழுத்து மூலமான எச்சரிக்கை வந்தது, ஏனென்றால் தீர்மானம் பெட்டிகளுக்கு மட்டுமல்லவாம். கிட்டாரின் மேல்கொம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு வாசித்தால் எலும்பு வழியே கேட்கும் என்று யாரோ சொன்னார்கள். உண்மையிலேயே கேட்டது. ஆனால் கடிக்கத் தோதான பல்லைத்தான் மருத்துவ ஆலோசகர் எடுத்திருந்தார்.

கடைசியில் வழியைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. தையல் வேலை செய்பவள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நான் தரையில் உட்கார்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, பெருக்குவதற்காகப் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கித் தன் தையல் நாற்காலிமேல் வைத்தாள்.

நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"என்ன, துடைப்பம் தடுக்குதா?" என்றாள்.

"கேட்குது."

"என்ன கேட்குது?"

"நான்."

பெட்டி என் காதுமட்டத்தில் இருந்தது. குமிழில் அடிச்சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, நடுச்சத்தத்தை ஏற்றினேன். ஒவ்வொரு ஸ்வரமும் வாசல் கதவைத் தட்டிப் பெயர் சொல்லிவிட்டு வருகிற விருந்தாளி மாதிரி வந்தது. ஒரு நாற்காலி! இவ்வளவு பாடும் ஒரு நாற்காலிக்காகவா என்று சிரித்தேன்.

"சும்மா சிரிக்காதீங்க. அங்க போய் நாற்காலி கேட்டுப் பாருங்க, அப்பத் தெரியும்" என்றாள்.

கேட்டேன். முறைப்படி மனு. அதற்கும் ஒரு கூட்டம். அமர்ந்தவர்கள் முன்போலவே.

"நாற்காலி யாருக்கு?" என்றார் தலைவர்.

"பெட்டிக்குங்க ஐயா."

பம்பு தன் வெறும் பலகை நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் இந்தக் குழுவுக்கு வந்து ஆறு வருஷம் நின்னேன்" என்றார் செயலாளர். "அப்புறம்தான் நாற்காலி. அதுக்கப்புறம் நாலு வருஷம் கழிச்சுத்தான் கைப்பிடி. மெத்தைக்கு இன்னும் மனுப் போட்டுக்கிட்டே இருக்கேன். ஒரு பெட்டி, நேத்து வந்த பெட்டி, உட்காரணுமா?"

"ஐயா, ஸ்டூல் இருந்தாலும் போதும்."

"ஸ்டூலும் உட்காருகிற பொருள்தானே" என்றார் பல் மருத்துவர்.

தலைவர் கையை உயர்த்தினார். அவர் பேசும்போது செயலாளர் ஒரு வார்த்தை விடாமல் எழுதுவது வழக்கம்.

"இந்த மன்றத்துல நாற்காலிங்கிறது மரக்கட்டை இல்லை, அது ஒரு மனுஷனோட வாழ்க்கை. உட்கார்ந்தவன் எழுந்திரிக்கக் கூடாது, எழுந்தவன் உட்காரக் கூடாது. அப்பத்தான் ஒழுங்கு இருக்கும். இசை வரும், போகும். நாங்க போக மாட்டோம்."

கைதட்டல். மனு தள்ளுபடி. 'மேடையில் இருப்பவர் தம் ஒலியைத் தாமே கேட்க வேண்டிய அவசியம் இல்லை' என்று ஒரு தனித் தீர்மானமும் சேர்த்தார்கள், இனி யாரும் வந்து நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதற்காக.

வெளியே வந்தபோது ஒலிக்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, விழா அன்னிக்கு மானிட்டர் பெட்டியைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பி வைங்களேன்" என்று கெஞ்சினேன்.

"எழுதிக் கொடுத்தா மலையையும் திருப்புவேன் தம்பி. எழுதாம ஒரு குமிழைக்கூடத் தொட மாட்டேன். ஓய்வூதியம் இருக்குல்ல."

நான் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் நாக்கு அந்தப் பல் இருந்த பள்ளத்தைத் துழாவிக்கொண்டே வந்தது. மன்னிக்கிற குணம் எனக்கு இல்லை என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அது வீட்டில் இல்லை.

மேடையில் சொற்பொழிவு மேசை ஒன்று உண்டு. தலைவர் பேசுவதற்கென்றே செய்தது. அதன் உள்ளே, அவர் மார்புக்கு நேராக, ஒரு சிறு பெட்டி. அவர் பேசுவது அவருக்கே தெளிவாகக் கேட்பதற்காக. அது யாரைப் பார்த்தபடி இருக்கிறது? தலைவரை. அப்படியானால் அதன் முதுகு?

அன்று மாலையே எழுதினேன்.

'ஐயா, தங்கள் தீர்மானத்தின் உயர்வை நான் தாமதமாகவே உணர்ந்தேன். பொறுத்தருள வேண்டும். ஒரே ஒரு ஐயம். சொற்பொழிவு மேசைக்குள் உள்ள பெட்டி சபைக்கு முதுகு காட்டி நிற்கிறது. சபையை மதிப்பதில் நாட்டுக்கே வழிகாட்டியான தலைவர் அவர்களை முன்வைத்துச் சிலர் தவறாகப் பேச இது இடம் தருமோ என்று அஞ்சுகிறேன். சிலர் ஏற்கெனவே பேசுகிறார்கள். இப்படிக்கு, தங்கள் நலம் நாடும் மனுதாரர்.'

ஏற்கெனவே பேசிய சிலர், நானும் என் மனைவியும்.

கடிதம் குழுவில் வாசிக்கப்பட்டபோது நானும் அழைக்கப்பட்டிருந்தேன். செயலாளர் முகம் வெளுத்திருந்தது. தலைவருக்கு மட்டும் விதிவிலக்கு என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்று தொடங்கினார்.

தலைவர் மேசையில் ஓங்கி அடித்தார். "விதிவிலக்கா? எனக்கா? சட்டம்னா எனக்கும் சட்டம்தான்! அந்தப் பெட்டியையும் திருப்புங்க. என் பேச்சு எனக்குக் கேட்கணும்னு எந்த அவசியமும் இல்லை. என் பேச்சு மக்களுக்குக் கேட்டாப் போதும்!"

பம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் ஒலிக்காரருக்கு எழுத்து மூலம் உத்தரவு எழுதினார். கூடவே, தலைவர் பேசும்போது ஒலிக்காரர் எந்தக் குமிழையும் தொடக் கூடாது என்றும் சேர்த்தார், அது மரியாதைக்காக. எழுதிக் கொடுத்ததால் அவர் திருப்பினார்.

ஆண்டு விழா. அரங்கம் நிறைந்திருந்தது. முதலில் தலைவர் உரை. பிறகு எங்கள் கச்சேரி. நாங்கள் நால்வரும் வாத்தியங்களோடு மேடையில், தலைவருக்குப் பின்னால் நின்றோம். செயலாளர் அவர் தோளருகில் நின்றார். மேடையில் நாற்காலி ஒன்றுதான், தலைவருடையது. பல் மருத்துவரும் பம்புவும் முதல் வரிசையில். என் மனைவி பின் வரிசை ஒன்றில். தலைக்கு மேலே மேடை விசிறிகள் கடகடவென்று ஓடின.

தலைவர் தொடங்கினார். இரண்டு வாக்கியம் போனதும் நிறுத்தினார். மைக்கைத் தட்டினார். மறுபடி பேசினார். காதில் கை வைத்துக் கேட்டார். செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். செயலாளரும் காதில் கை வைத்துப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். மேடையில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்பதால், மைக் செத்துவிட்டது என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு அது பழகின விஷயம். அவர்களுக்குப் புதிது.

தலைவர் மைக்கின் மேலேயே குனிந்து, செயலாளரிடம் ஏதோ முணுமுணுத்தார். செயலாளரும் குனிந்து பதில் சொன்னார். தலைவர் இன்னும் கொஞ்சம் சொன்னார். விசிறிச் சத்தத்தில் எங்கள் காதுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. ஆனால் சபை தெரிந்தது. நடு வரிசையில் ஒருவர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார். பின்னால் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்தாள். பல் மருத்துவர் வாயைத் திறந்தபடி இருந்தார், தம்மிடம் வருகிறவர்களைப் போலவே. பிறகு மொத்த அரங்கமும் சிரித்தது. மைக் செத்துப்போனதற்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, தலைவரும் தாராளமாகச் சிரித்துக்கொண்டு, செயலாளரிடம் மேலும் பேசினார். பம்பு எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார். தலைவர் அவரைச் சுட்டிக்காட்டிச் செயலாளரிடம் ஏதோ சொன்னார். பம்புவின் கைகள் பொத்தென்று விழுந்தன.

ஒலிக்காரர் தம் அறையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். குமிழைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்களே.

கடைசியில் பம்புவே மேடையேறி வந்து, தலைவர் முகத்துக்கு நேரே, மைக்குக்கும் நேரே, ஏதோ சொன்னார். தலைவர் முகம் மாறியது. படியிறங்கினார். செயலாளர் பின்னால் ஓடினார். பல் மருத்துவர் அவர்கள் பின்னால். குழு முழுவதும் பக்கவாசல் வழியே போய்விட்டது.

கைப்பிடியும் மெத்தையும் உள்ள நாற்காலி காலியாக நின்றது.

நான் யாரையும் கேட்கவில்லை. என் பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். மெத்தை கொஞ்சம் அமுங்கியது. பெட்டி தலைவரைவிட நிமிர்ந்தே உட்கார்ந்தது.

"மச்சான், வேண்டாம்டா" என்றார் அத்தான்.

"நீங்க பாடுங்க அத்தான்."

முதல் ஸ்வரத்தை அடித்தேன். கேட்டது. என்னுடையதுதான். அந்த மேடையில் முதல்முறையாக, நான் வாசிப்பது எனக்குக் கேட்டது. பாட்டுக்காக வாசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். காலியான முதல் வரிசையைப் பார்த்து, ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒன்றாக வாசித்தேன்.

இரண்டாவது பாட்டின் நடுவே தப்பான ஸ்வரம் ஒன்று கேட்டது. பதறிப்போய் விரலைப் பார்த்தேன். சரியான கட்டத்தில் இருந்தது. பக்கத்தில் பார்த்தேன். கீபோர்டுக்காரரின் இடது கை, யாரும் கேட்காமலே என் வேலையைப் பழகிக்கொண்டிருந்தது. பெட்டி உயரத்தில் இருந்ததால் இரண்டும் மோதுவது அத்தானுக்கும் கேட்டது. பாட்டு முடிந்ததும் அத்தான் கீபோர்டுக்காரரிடம் போனார்.

"அந்தக் கையைப் பாக்கெட்டுல வை" என்றார்.

தலைவர் என்ன பேசினார் என்பதை நான் அறிந்தது வீட்டுக்குப் போகும் வழியில்தான். மனைவி வண்டியின் பின்னால் உட்கார்ந்து, சிரிப்பு அடங்காமல் ஒப்பித்தாள்.

"'யோவ், மைக்கு செத்துப்போச்சா?' 'செத்துடுச்சுங்க ஐயா.' 'போகட்டும் விடு. கை தட்டத்தானே வந்திருக்கு இந்த மந்தை, கேட்டா மட்டும் புரியவா போகுது? சும்மா வாயை அசைக்கிறேன், நீ தலையை ஆட்டு.'"

"நிஜமாவா?"

"இன்னும் கேளுங்க. 'மேடைப் பெட்டிங்களைத் திருப்பி வச்சதுல போட்டோ நல்லா விழும்யா. முதுகாவது மரியாதையாவது, என் வெள்ளைச் சட்டைக்கு முன்னாடி கறுப்பா அசிங்கமா தெரிஞ்சுதுன்னுதான் தீர்மானமே போட்டேன்.' அப்புறம் அந்த மோட்டார்காரர் கையை ஆட்டினாரே, அவரைக் காட்டி, 'பாரு, பம்பு ஆடுது. வீட்டுக்கு ஒரு மோட்டார் சும்மா மாட்டிக் கொடுத்தான், நிபுணராக்கினேன். பல்லுக்காரன் பல்செட்டு கட்டிக் கொடுத்தான். நீ ஒண்ணும் கொடுக்கலை, அதான் உனக்கு மெத்தை இல்லை.'"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தன் சத்தம் தனக்குக் கேட்டிருந்தால் தவளைகூடச் சுதாரித்திருக்கும்.

ஒரு வாரத்துக்குள் செயலாளரிடமிருந்து கடிதம் வந்தது. தலைவருடைய நாற்காலியில் பெட்டியை அமர்த்திய குற்றத்துக்காக, நானும் என் வாத்தியமும் இனி அந்த மேடையில் ஏறக் கூடாது. இசைக்குழுவின் மற்றவர்களுக்குத் தடையில்லை. அதோடு நிற்கவில்லை. கலைமன்றங்களின் கூட்டமைப்புத் தலைமைக்கு எங்கள் தலைவர் போட்டியிடுகிறார். அந்த உரையைப் பற்றிக் கூட்டமைப்பு விளக்கம் கேட்டிருக்கிறது. இத்துடன் இணைத்துள்ள உரையே தலைவர் நிகழ்த்தியது என்று, மேடையில் அருகே நின்ற நான் சாட்சிக் கையெழுத்திட்டுக் கூட்டமைப்புக்கு அனுப்பிவைத்தால், தடை நீங்கும். பெட்டிக்கு நிரந்தரமாக ஒரு நாற்காலியும் ஒதுக்கப்படும். கைப்பிடி இல்லாதது. மெத்தை பரிசீலனையில்.

இணைத்திருந்த உரையில் 'மக்களே என் செவிகள்' என்று இருந்தது.

அத்தான் வீட்டுக்கு வந்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார். மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேலிக்கு ஓணான் சாட்சி" என்றார். "போட்டுக் கொடுத்துடேன் மச்சான். ஒரு கையெழுத்து. நாற்காலி கிடைக்குது. நீ இல்லாம அங்க போனா நான் யாரை வச்சுப் பாடுறது?"

"இடது கை இருக்கே."

"அந்தக் கையைப் பத்திப் பேசாத."

"போடலைன்னா?"

அத்தான் சுவரைப் பார்த்தார். "போடலைன்னா நீ வெளிய. நாங்க உள்ள."

"அண்ணே, அவர் பல்லு ஒண்ணு அங்கதான் போச்சு" என்றாள் மனைவி. "அதையும் திருப்பிக் கேட்டு எழுதச் சொல்லுங்க."

"இருங்க அத்தான், சாட்சி கேட்டிருக்காங்க. சாட்சின்னா கேட்டதைத்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு நான் எழுத உட்கார்ந்தேன். பகலெல்லாம் உண்மையை மறைத்து எழுதுகிற கைக்கு, மறைக்காமல் எழுத முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

'பெறுநர்: கலைமன்றங்களின் கூட்டமைப்பு. ஐயா, தலைவர் அவர்களின் ஆண்டு விழா உரைக்கு மேடையிலிருந்த சாட்சியாகக் கையெழுத்திடுமாறு அரங்கக் குழு என்னைப் பணித்துள்ளது. பணிவுடன் தெரிவிப்பதாவது: நான் மேடையில்தான் இருந்தேன். ஆகவே எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இது என் காதின் குறையன்று. குழுவின் மருத்துவச் சான்று இணைக்கப்பட்டுள்ளது. மேடையில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்க வேண்டியதில்லை என்பது குழுவின் தீர்மானம். அதன் நகலும் இணைக்கப்பட்டுள்ளது. அத்தீர்மானம் தமக்கும் பொருந்தும் என்று தலைவரே மேசையில் அடித்துச் சொன்னார். ஆகவே தாம் பேசியது அவருக்கும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அவர் அனுப்பச் சொன்ன உரையை அவர் எங்கிருந்து கேட்டார் என்பதைத் தாங்கள்தான் விசாரிக்க வேண்டும். கேட்டவர்கள் சபையில் இருந்தார்கள். அவர்கள் கேட்டது, கேட்டபடியே, கையெழுத்துகளுடன் இணைக்கப்படுகிறது. மேடைச் சாட்சிகளாகிய நாங்கள் எதுவும் கேட்கவில்லை என்று இதனால் உறுதி கூறுகிறோம்.'

கையெழுத்து வாங்குவது சுலபமாக இருந்தது. அன்று அரங்கத்தில் இருந்தவர்கள் யார் யாரோ தெருமுனையிலேயே நிறுத்திக் கேட்டார்கள், "எங்க போடணும்?" என்று. 'மந்தை' என்ற சொல் மட்டும் விட்டுப்போயிருந்தால் சேர்க்கச் சொன்னார்கள். பம்பு தம் கடைக்கு என்னைக் கூப்பிட்டார். முழுவதும் படித்தார். ஒரு மோட்டாரின்மேல் தாளை வைத்து, "நான் முதல் வரிசையில இருந்தேன். எனக்கு நல்லாவே கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு அழுத்திக் கையெழுத்திட்டார். 'ஒலி நிபுணர்' என்றும் கீழே எழுதினார்.

மேடைச் சாட்சிகள் பகுதியில் நான் போட்டேன். இடி போட்டார். கீபோர்டுக்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார், இன்னும் யோசிக்கிறார். அத்தானிடம் தாளை நீட்டும்போது, "இதுல போட்டா உங்களையும் ஏத்த மாட்டாங்க அத்தான்" என்று சொல்லியே நீட்டினேன்.

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"அன்னிக்கு நீ வாசிச்சியே, அந்த ரெண்டாவது பாட்டு" என்றார். "எனக்கும் அன்னிக்குத்தான் மச்சான் கேட்டுச்சு. இவ்வளவு நாள் நான் எதைப் பிடிச்சுக்கிட்டுப் பாடினேன்னே தெரியலை." போட்டார். "வேற மேடை கிடைக்காமலா போயிடும். கிடைக்காட்டி உன் வீட்டு முன்னறையில பாடுறேன். நாற்காலியாவது இருக்கு."

"தையலுக்கு நான் எங்க உட்காருவேன்?" என்றாள் மனைவி.

இணைப்புகளை வரிசைப்படி அடுக்கி, எண் போட்டு, மூலையில் குத்தி, பெரிய உறைக்குள் வைத்தேன். ஓரத்தில் பசை தடவியது மனைவி. ஒட்டின இடத்தைக் கட்டைவிரலால் இரண்டு பக்கமும் அழுத்தி, மெழுகை உருக்கி நடுவில் விட்டு, அது இறுகும்வரை ஊதிக்கொண்டே இருந்தாள்.

தபால் நிலையத்தில் எழுத்தர் உறையைக் கையில் எடை பார்த்தார். "விரைவுத் தபாலா?"

"வேண்டாங்க. பதிவுத் தபால். நிதானமாப் போகட்டும். ஆனா யார் கையில போய்ச் சேர்ந்துச்சோ, அவர் கையெழுத்து எனக்குத் திரும்பி வரணும்."

அவர் முத்திரையைக் குத்தி, உறையைப் பின்னால் இருந்த பைக்குள் எறிந்தார்.